வாவியைக் கடக்காத பணம்: ஆழிப்பேரலைக்குப் பிந்திய மட்டக்களப்பும் அம்பாறையும்

ஆழிப்பேரலை நிவாரணத்தை ஆராய்ந்த சர்வதேச மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அலையால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு உலகம் ஒதுக்கியது 7,100 டொலருக்கும் மேல். அதே ஆண்டு பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஒதுக்கியது 3 டொலர். மொத்தத் தொகையைத் தலைக்கணக்கால் வகுத்து வந்த எண்கள் இவை. 7,100 டொலரை எவரும் கையில் வாங்கவில்லை. ஆனாலும் அந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்க மட்டக்களப்புக்காரர் பங்களாதேஷ் வரை போகவேண்டிய தேவை இருக்கவில்லை. வாவியின் குறுக்கேயுள்ள வலையிறவுப் பாலத்தைக் கடந்தாலே போதுமாயிருந்தது.

இந்த ஆய்வின் கேள்வி குறுகலானது. 2005 முதல் 2007 வரை மட்டக்களப்பு வாவியின் கடற்கரைப் பக்கத்தில் செலவழித்து முடிக்க இயலாத அளவுக்கு நிவாரணப் பணம் குவிந்திருந்தது. வாவியின் மறுகரையில் போரால் வீடிழந்தவர்கள் பல ஆண்டுகளாகக் கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். அந்தப் பணம் ஏன் அவர்களிடம் போகவில்லை? போகச் செய்திருக்க முடியுமா? அம்பாறைக் கரையோரமும் இதில் சேர்கிறது. வீடு, காணி பற்றிய சிக்கல்கள் அங்கேதான் மிகக் கடுமையாக வெடித்தன.

இரண்டு கரைகள்

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை: கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமாக விரிவது படுவான்கரை: வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, மண்டூர், வெல்லாவெளி. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் வலையிறவு, பட்டிருப்பு போன்ற ஒருசில பாலங்களும், ஊரார் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகுகளும்தான் இரு கரைகளையும் இணைத்தன. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. பாலத்தின் ஒரு முனையில் இராணுவச் சாவடி, மறுமுனைக்கு அப்பால் புலிகளின் சாவடி.

போர் எந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலை, 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களின் படுகொலை, 1991 ஜூனில் மகிழடித்தீவு. தமிழரும் முஸ்லிம்களுமாகக் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் ஓடின. சில திரும்பின, சில திரும்பவே இல்லை. 2004இன் இறுதியில் இம்மாவட்டத்தில் ‘அகதி’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் போர் அகதி என்பதே பொருள்.

அலை எழுவான்கரையை அடித்தது. நாவலடி, திருச்செந்தூர், டச்பார் குடியிருப்புகள் தரைமட்டமாயின. மாவட்டத்தில் இறந்தோர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். தெற்கே அம்பாறை மாவட்டத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று நீண்ட கரையில் இறப்பு பத்தாயிரத்தைத் தாண்டியது. இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிரிழப்பு அங்கேதான். முதல் மணித்தியாலங்களில் பிணங்களை எடுத்ததும், உயிரோடிருந்தவர்களைக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் கொண்டுபோய்ச் சோறு கொடுத்ததும் அயலூர்ச் சனங்கள்தான். மதிப்பீட்டு அறிக்கையும் இதை ஒப்புக்கொள்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தபோது உயிர்காக்கும் வேலையின் பெரும்பகுதி முடிந்திருந்தது. இந்தச் செய்தி நன்கொடை கேட்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு உதவாது என்பதால் அப்போது அதிகம் சொல்லப்படவில்லை.

பணத்தோடு வந்த நிபந்தனை

பாதிக்கப்பட்ட எல்லா நாடுகளுக்குமாக உலகம் வாக்களித்த தொகை ஏறத்தாழ 1,350 கோடி டொலர். அதில் சுமார் 550 கோடி செல்வந்த நாடுகளின் பொதுமக்கள் கொடுத்தது. பண்டிகை விடுமுறை, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் சாவு, கைக்கமராக் காட்சிகள் எல்லாம் சேர்ந்து அந்தப் பெருக்கை உண்டாக்கின. அந்த மக்களின் இரக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை, வேண்டுகோள் எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. ‘சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கு’ என்று கேட்டு வாங்கிய பணம் சட்டப்படியும் கணக்குப்படியும் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கே போகவேண்டும். போர் அந்தத் தலைப்புக்குள் வராது.

இதன் விளைவு களத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரே ஒழுங்கையில் மூன்று குடும்பங்கள். முதலாவது குடும்பம் அலையில் வீட்டை இழந்தது. இரண்டாவது, 1990இல் படுவான்கரையிலிருந்து ஓடிவந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டிருக்கிறது. அலைநீர் அவ்வளவு தூரம் வரவில்லை. மூன்றாவதும் போர் அகதிதான், ஆனால் கரையோரத்தில் பிறர் காணியில் குடியிருந்தபோது அலை கொட்டிலைக் கொண்டுபோய்விட்டது. படிவத்தோடு வரும் கள உத்தியோகத்தர் அதே பகுதி இளைஞர். முதற் குடும்பத்துக்கு வீடு, பாத்திரம், தொழிற்கருவி. மூன்றாவதைச் சேர்ப்பதா என்று கிராம சேவகரிடம் கேட்கவேண்டும். இரண்டாவது குடும்பத்துப் பெண் கேட்கிறாள்: “எங்களுக்கு ஏன் இல்லை, தம்பி?” அவர் சொல்லக்கூடிய உண்மையான பதில் ஒன்றுதான்: “இது சுனாமிக்கு வந்த காசு, அக்கா.”

கற்பனை என்றேன், ஆனால் அக்காலத்தில் மட்டக்களப்பில் களவேலை செய்த எவரும் இந்த உரையாடலின் ஏதோ ஒரு வடிவத்தைக் கேட்டிருப்பார்கள். அந்தப் பதில் நேர்மையானது. தார்மீகமாக அது ஒன்றையும் விளக்கவில்லை.

சொல்பெரினோவிலிருந்து கல்லடி வரை

அந்தப் பதில் ஏன் உறுத்துகிறது என்பதற்கு மனிதாபிமான உதவியின் வரலாற்றில் கொஞ்சம் பின்னே போகவேண்டும். 1859 ஜூன் 24ஆம் திகதி வட இத்தாலியின் சொல்பெரினோவில் நடந்த சமரின் காயக்காரர்கள் பக்கத்து ஊரான காஸ்திலியோனேயில் குவிந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் எந்தப் படை என்று கேளாமல் எல்லோரையும் கவனித்தார்கள். அவர்களோடு நின்ற ஜெனீவா வணிகர் ஹென்றி டியூனன்ட் எழுப்பிய எண்ணத்திலிருந்துதான் 1863இல் செஞ்சிலுவைக் குழுவும் 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் வந்தன. 1965இல் வியன்னாவில் செஞ்சிலுவை இயக்கம் ஏழு அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. அவற்றுள் பாரபட்சமின்மை என்பது துல்லியமானது: துன்பத்தின் அளவு மட்டுமே வழிகாட்ட வேண்டும், மிக அவசரமான துன்பத்துக்கு முதலிடம். 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்ற நடத்தைக்கோவை இதையே திரும்பச் சொன்னது: முன்னுரிமையைத் தேவை ஒன்றே தீர்மானிக்கும். அதில் கையொப்பமிட்ட நிறுவனங்களில் பல 2005இல் கல்லடியிலும் கல்முனையிலும் அலுவலகம் திறந்தன.

துன்பம் எதனால் வந்தது என்று கேட்பது அந்தக் கோட்பாட்டில் எங்குமே இல்லை. அலை உடைத்த வீடா, ஷெல் உடைத்த வீடா என்பது பாரபட்சமின்மைக்கு முன் பொருளற்ற கேள்வி. ஆனால் 2005இல் மட்டக்களப்பில் முதலாவதாகக் கேட்கப்பட்ட கேள்வி அதுவே.

இந்தத் துறையின் மற்றப் பெரிய சங்கடங்கள் வேறு வகையானவை. நைஜீரியாவின் 1967–70 பியாபராப் போரில், பாதிக்கப்பட்டோரிடம் போகும் அனுமதியைக் காக்க மௌனமாயிருப்பதா, கண்டதைச் சொல்வதா என்ற பிளவு எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1971 டிசம்பரில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு பாரிசில் பிறந்தது. 1985இல் எத்தியோப்பிய அரசு பஞ்ச நிவாரணத்தைக் கொண்டு மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்க்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னதற்காக அதன் பிரெஞ்சுப் பிரிவு அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1994இல் ருவாண்டா இனப்படுகொலையை நடத்தியவர்களே அயல்நாடான சயீரின் கோமா நகர அகதி முகாம்களின் அதிகாரத்தைக் கைப்பற்றி, நிவாரணத்தைத் தின்று மறுபடி அணிதிரண்டார்கள். அந்த நவம்பரில் அதே பிரெஞ்சுப் பிரிவு வெளியேறியது, பல நிறுவனங்கள் தங்கின. இவை எல்லாவற்றிலும் ஆயுதம் வைத்திருப்பவர் எதிரே நிற்கிறார். மட்டக்களப்பில் 2005இல் நிறுவனங்களின் கையைக் கட்டியது அவர்களுடைய சொந்த வங்கிக் கணக்கின் தலைப்பு. அதனால்தான் இந்த நிகழ்வைத் தனியே எடுத்துப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஆயுதக்காரர் விடயம் பிறகு வந்தது.

இரண்டு கிலோமீற்றர்

நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து நிர்வகிக்கும் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை 2005 ஜூன் 24இல் கையொப்பமானது. சொல்பெரினோவின் அதே திகதி, தற்செயல்தான். அதன் பரப்பு வடக்கு கிழக்கின் ஆறு மாவட்டங்களில் கரையிலிருந்து உள்நோக்கி இரண்டு கிலோமீற்றர் நிலம் மட்டும். அரசியல் ரீதியில் அந்த எல்லைக்குக் காரணம் விளங்குகிறது: அதற்கு மேல் போனால் அது நிவாரண ஏற்பாடாக இராமல் இடைக்கால நிர்வாகமாகத் தோன்றும். படுவான்கரை மக்களுக்கோ, நன்கொடையாளரின் வேலியோடு அரசியல்வாதிகளின் வேலியும் சேர்ந்துகொண்டது.

முஸ்லிம்களுக்கு இந்த உடன்படிக்கை தந்த காயம் வேறு. பிராந்தியக் குழுவின் பத்து இடங்களில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. மிக அதிகமாக இறந்த அம்பாறைக் கரையின் பெரும்பான்மைச் சமூகம் உடன்படிக்கையில் கையொப்பமிடும் தரப்பாகவே இல்லை. மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) இதை எதிர்த்து அரசாங்கத்தைவிட்டு வெளியேறியது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் பிராந்திய நிதியம் உட்பட முக்கிய ஏற்பாடுகளை இடைநிறுத்தியது. அதோடு கட்டமைப்பு செத்துவிட்டது.

வீடும் காணியும்

2005இன் தொடக்கத்தில் அரசு அறிவித்த கரையோரத் தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது. வலயத்துக்குள் வீடிழந்தவருக்கு வேறிடத்தில் நன்கொடை வீடு. வலயத்துக்கு வெளியே முற்றாக இடிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாவும் பகுதியாகச் சேதமான வீட்டுக்கு 1,00,000 ரூபாவும் கட்டம் கட்டமாகக் கிடைக்கும். அலை எல்லாக் கரையையும் ஒரே கடலிலிருந்துதான் தாக்கியது. கிழக்குக்கு மட்டும் ஏன் இரட்டிப்புத் தூரம் என்பதற்கு மக்கள் ஏற்கும்படியான விளக்கம் வரவில்லை. சுற்றுலா விடுதிகளுக்கு விதிவிலக்கு இருந்ததால் தங்கள் கரை யாருக்கோ கொடுக்கப்படப் போகிறது என்று அறுகம்பை மீனவர்கள் சந்தேகித்தார்கள். எதிர்ப்பின் பின் தூரம் குறைக்கப்பட்டு இடத்துக்கு இடம் வேறுபட்டது. மருதமுனையில் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் போனவர்களுக்கு 200 மீற்றரின் பொருள் தெரியும். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், நடுவே வீட்டோடு வீடு ஒட்டிய ஊர். அங்கே 200 மீற்றரை எடுத்தால் ஊரில் கணிசமான பங்கே போய்விடும். மாற்றுக் காணி என்பது வயலை நிரப்பினால்தான். அல்லது தூரத்து அரச காணி. தூரத்து அரச காணி என்றதும் அம்பாறையில் இனக் கணக்கு எழும்.

நுரைச்சோலை அந்தக் கணக்கின் நினைவுச்சின்னம். அக்கரைப்பற்றுப் பகுதியில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்காகக் கட்டப்பட்டன. பௌத்த புனிதத் தலமான தீகவாபிக்கு அண்மையில் அரச காணியை ஒரே சமூகத்துக்குக் கொடுக்கக்கூடாது என்று வழக்கு வந்தது. 2009இல் உயர் நீதிமன்றம் தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கடலே இல்லாத மாவட்டங்களும் சேர்ந்த தேசிய விகிதத்தைக் கொண்டு கரையோரத்தில் வீடிழந்தவர்களுக்கு வீடு பகிர்வது தேவையின் அளவுகோலுக்கு நேர் எதிரானது. விளைவாக வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, புதர் மண்டியது. ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், ஒரே சமூகத்துக்கென்று கட்டிய கொடையாளரும் தேவையை மட்டும் பார்க்கவில்லை. தமிழர் வாழும் திருக்கோவிலிலும் அதே அலைதான் அடித்தது. நீதிமன்றம் போட்ட விகிதாசாரமும் கொடையாளர் போட்ட நிபந்தனையும் ஒரே வகைத் தவறின் இரு முகங்கள். இதைச் சொன்னால் இரு தரப்பும் கோபிக்கும்.

வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. சர்வதேச நிறுவனங்களில் அனேகம் அதைக் காணவே இல்லை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் வீடு பெண்வழி வருவது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவளுக்குச் சீதனம். மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். பெற்றோர் சிறிய கொட்டிலுக்கு மாறிக்கொண்டாவது மகளுக்கு வீட்டைக் கொடுப்பார்கள். அலைக்குப் பிறகு அரசுப் படிவமும் நிறுவனப் படிவமும் ‘குடும்பத் தலைவர்’ பெயரைக் கேட்டன. தலைவர் என்றால் ஆண். அரச காணி வழங்கும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ பின்னுரிமையில், அதாவது உரிமையாளருக்குப் பின் காணி யாருக்கு என்பதில், ஆணையே முன்வைத்தது. கூட்டு உரிமைக்கும் அதில் இடமிருக்கவில்லை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டின் இடத்தில் கட்டிய வீடு மருமகன் பெயருக்குப் போனது.

அலையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மனைவியை இழந்தவர் புது வீட்டைத் தன் பெயரில் பெற்று மறுமணம் செய்தால், இறந்தவளின் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அந்த வீட்டில் என்ன உரிமை? மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் 2005இன் தொடக்கத்திலேயே கூட்டிணைந்து, பெண்கள் பெயரில் அல்லது இருவர் பெயரிலும் காணி உறுதி வழங்கும்படி கேட்டன. சில திட்டங்களில் மாற்றம் வந்தது. பலவற்றில் படிவம் ஏற்கனவே நிரப்பப்பட்டுவிட்டது. எவரும் பெண்களின் சொத்தைப் பறிக்கத் திட்டமிடவில்லை. உலகெங்கும் பயன்படும் ஒரு படிவத்தை, உள்ளூர் வழக்கம் என்ன என்று கேளாமல் இங்கேயும் பயன்படுத்தினார்கள். பாலின சமத்துவம் பற்றித் தனி உத்தியோகத்தர் வைத்திருந்த நிறுவனங்களும் அதையே செய்தன என்பதுதான் எரிச்சல் தருவது.

வள்ளங்களின் கதை சுருக்கமானது. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் முக்காற்பங்குக்குக் கிட்ட சேதமடைந்தன. பைபர் வள்ளம் கொடுப்பது நிறுவனங்களுக்கு இலகுவாகவும் படமெடுக்க அழகாகவும் இருந்ததால் சிறிய வள்ளங்கள் தேவைக்கு மேல் வந்தன, தரமற்றவையும் இருந்தன. கரைக்கு அண்மையில் மீன்வளம் தாங்காது என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் எச்சரித்தது. வள்ளமில்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போனவரும், வாவியில் தோணியில் வீச்சுவலை எறிந்து பிழைத்த மறுகரை மீனவரும் எந்தப் பட்டியலிலும் சரியாகப் பொருந்தவில்லை.

வாவியைக் கடந்து வந்தவர்கள்

2006இல் போர் திரும்பியது. ஆகஸ்ட் 4இல் திருகோணமலை மாவட்டத்து மூதூரில் ‘பட்டினிக்கு எதிரான செயல்’ என்ற பிரெஞ்சு அமைப்பின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அவர்கள் செய்துகொண்டிருந்ததும் சுனாமிக்குப் பிந்திய நிவாரண வேலைதான். கொலையாளிகள் எவரும் தண்டிக்கப்படவில்லை. வெளிநாட்டவர் எவரும் அங்கே இருக்கவில்லை. ஆபத்தான களத்தை உள்ளூர் ஊழியரிடம் விடுவது இந்தத் துறையின் பழைய வழக்கம். அவருக்கு மொழி தெரியும், வழி தெரியும் என்று காரணம் சொல்லப்படும். ஆபத்துக்கு ஏற்ற பாதுகாப்போ சம்பளமோ அவருக்குக் கிடைப்பது அரிது. கிழக்கின் நிறுவன ஊழியர்கள் அந்த ஆகஸ்டுக்குப் பின் தங்கள் அலுவலக ரீசேட்டை வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

நவம்பரில் வாகரைப் பகுதியின் கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்திடம் வீழ்ந்தது. மார்ச்சில் போர் படுவான்கரைக்கு வந்தது. மக்கள் பாலங்களாலும் பாதைகளாலும் எழுவான்கரைக்கு ஓடிவந்தார்கள்; அந்த மாதத்தில் மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது.

இரண்டு ஆண்டுகளாக அவர்களிடம் போகமுடியாதிருந்த பணம் எந்தக் கரையில் இருந்ததோ, அந்தக் கரைக்கே அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் சுனாமி அகதிகள் அல்லர். நிறுவனங்களின் கணக்கில் சுனாமித் தொகை இன்னும் மீதமிருக்க, புதிதாக வந்தவர்களின் தரப்பாள் கூடாரத்துக்கு வேறு நிதி தேடவேண்டியிருந்தது. சர்வதேசக் குறைந்தபட்ச அளவீட்டின்படி ஒருவருக்கு நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், 3.5 சதுர மீற்றர் கூரையிடம், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். அந்த மார்ச்சில் முகாம்கள் அதை எட்டுவது கனவாயிருந்தது.

இங்கேதான் எத்தியோப்பியாவின் பழைய கேள்வி உருமாறி வந்தது. வாகரை மக்களைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் அவசரப்பட்டார்கள். விருப்பமில்லாதவர்களும் பஸ்ஸில் ஏற்றப்படுகிறார்கள் என்று அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் அந்த மார்ச்சில் பகிரங்கமாகக் கவலை தெரிவித்தது. திரும்புவோருக்கு உலருணவும் கூரைத்தகடும் கொடுத்தால் கட்டாயத் திருப்பியனுப்பலுக்கு உதவியதாகும். கொடுக்காவிட்டால், ஏற்கனவே கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள் பசியோடு கிடப்பார்கள். மறுபடி உள்ளே போக அனுமதியும் கிடைக்காது. பெரும்பாலான நிறுவனங்கள் கொடுத்தன, கண்காணித்தன, மெதுவான குரலில் முறையிட்டன. நானும் அதைப் பெருந்தவறு என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் கையிலிருந்த தெரிவுகள் இரண்டுமே கெட்டவை.

கேட்டிருந்தால்

ஆனால் 2005இன் தெரிவுகள் அப்படிப்பட்டவை அல்ல. கட்டுண்ட பணத்தின் விடயத்தில் நிறுவனங்கள் தம்மால் எதுவும் செய்ய இயலாதது போல் நடந்துகொண்டன. இரண்டு முன்னுதாரணங்கள் அவற்றின் கண்முன்னே இருந்தன.

முதலாவது அச்சமூட்டுவது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் லிபர்ட்டி நிதி என்ற பெயரில் திரட்டிய பணத்தின் ஒரு பகுதியை வேறு தேவைகளுக்கு ஒதுக்க முனைந்தபோது எழுந்த கோபம் சாதாரணமானதல்ல. அதன் தலைவர் அந்த ஒக்டோபரில் பதவி விலகல் அறிவித்தார், சங்கம் பின்வாங்கியது. அந்தப் பாடத்தை மேலைநாட்டு நிதிதிரட்டும் பிரிவுகள் மறக்கவில்லை. சுனாமிக் காசை மறுகரைக்குக் கொண்டுபோவது பற்றி மட்டக்களப்பு அலுவலகம் கேட்டால் தலைமையகத்தின் சட்டப் பிரிவு என்ன பதில் எழுதும் என்பது எழுதுமுன்பே தெரியும்.

இரண்டாவது அதற்கு எதிர்த்திசை. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, தாம் செய்யக்கூடிய சுனாமி வேலைக்குப் போதிய பணம் வந்துவிட்டது, இனி இதற்காகத் தரவேண்டாம் என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்கள் சினந்தன. நன்கொடை வெள்ளத்துக்கு அணை போடுகிறார்கள் என்று கண்டித்தன. அந்த அமைப்பிடம் பத்துக் கோடி யூரோவுக்கும் மேல் வந்திருந்தது. அது கொடையாளர்களுக்கு எழுதிக் கேட்டது: மீதியை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா? பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெளிவாகிறது. லிபர்ட்டி நிதியில் கொடையாளரிடம் கேட்காமல் மாற்ற முனைந்தார்கள். மற்றதில் கேட்டார்கள். கொடையாளர் பிடிவாதக்காரர் என்பது பெருமளவுக்கு நிறுவனங்கள் தாமே வைத்துக்கொண்ட ஊகம். பிர்மிங்காமிலோ ஒஸ்லோவிலோ இருபது பவுண்டோ நூறு குரோனரோ போட்டவர், வாவியின் அடுத்த கரையில் பதினைந்து ஆண்டு அகதி இருக்கிறார் என்று ஒரு கடிதம் வந்திருந்தால் மறுத்திருப்பாரா? அவரிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டால், வாங்கியது தேவைக்கு அதிகம் என்று ஒப்புக்கொள்ளவேண்டி வரும். அடுத்த நெருக்கடியில் போட்டி நிறுவனம் முந்திவிடும்.

நடுவழி ஒன்றும் இருந்தது. சில நிறுவனங்கள் ‘சுனாமியாலும் போராலும் பாதிக்கப்பட்டோர்’ என்று தங்கள் வரையறையை விரித்து, இடம்பெயர்ந்தோரைத் தாங்கும் ஊர்கள் முழுவதையும் உள்ளடக்கின. மதிப்பீட்டு அறிக்கையும் பின்னர் இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டித்தது. ஆனால் 2006 ஜூலையில் அறிக்கை வந்தது. அடுத்த மாதம் மூதூர். வரையறையை விரித்தவர்களுக்கும் மறுகரைக்குப் போகப் பாதை அடைபட்டுவிட்டது. போகக்கூடியதாயிருந்த பதினெட்டு மாதமளவான அந்த இடைவெளியே வீணானது.

இதன் மறுபக்கத்தை 2011 ஜனவரி காட்டியது. கிழக்கில் பெருவெள்ளம், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், மட்டக்களப்பு மிக மோசம், படுவான்கரை வயல்கள் அறுவடைக்கு முன் நீரில் மூழ்கின. ஐ.நா. கேட்ட அவசர நிதி 5.1 கோடி டொலர். அது முழுவதும் கிடைத்திருந்தாலும் ஆளுக்கு ஐம்பது டொலர் அளவு. ஆறு ஆண்டுகளுக்கு முன் பணம் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் திண்டாடிய அதே மாவட்டம்.

2016 மேயில் இஸ்தான்புல் உலக மனிதாபிமான மாநாட்டில் கொடையாளர் அரசுகளும் பெரிய நிறுவனங்களும் ‘பெரும் பேரம்’ என்ற இணக்கப்பாட்டுக்கு வந்தன. 2020இற்குள் நிதியில் 25 வீதம் உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றளவு நேரடியாகப் போகவேண்டும்; 30 வீதம் நிபந்தனையற்றதாக அல்லது தளர்ந்த நிபந்தனையோடு இருக்கவேண்டும் என்பன அதன் இலக்குகள். இரண்டாவது இலக்கு மட்டக்களப்பின் பிரச்சினையை நேரடியாகத் தொடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் அரசுகளுக்கும் ஐ.நா. நிறுவனங்களுக்கும் இடையிலான பணத்தைப் பற்றியது. 2005இல் இந்தக் கரையில் குவிந்ததில் பெரும்பங்கு பொதுமக்களிடமிருந்து வந்தது. பொதுமக்களிடம் விடும் வேண்டுகோளில் ‘தேவைக்கு மேல் வந்தால் அதே பகுதியில் வேறு காரணத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் செலவிடுவோம்’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பதா இல்லையா என்பது இன்றும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். சில நிறுவனங்கள் இப்போது அப்படி ஒரு வரியைச் சிறிய எழுத்தில் போடுகின்றன. அந்த வரியைப் பெரிய எழுத்தில், படத்துக்குப் பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்கவேண்டியவர்கள் இங்குள்ள உள்ளூர் அமைப்புகள். பங்காளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்கவேண்டும்.